‘உடம்பெல்லாம் எரியுது டாக்டர்’: மனநல சிகிச்சை ஏன் மக்கள் பேச்சைக் கற்க வேண்டும்?

மனநலம் தொடர்பான அறிவிப்புகளிலும் கருத்தரங்குகளிலும் இப்போது ஒரு சொற்றொடர் அடிக்கடி வருகிறது: ‘பண்பாட்டுக்கு ஏற்ற, பரிவான மனநல சேவை’. படிப்பவர்களை இது இரண்டு விதமாகக் குழப்புகிறது. சிலர், ‘அப்படியென்றால் மறுபடியும் மந்திரிக்கவும் பேயோட்டவும் அனுப்பப்போகிறார்களா?’ என்று பதறுகிறார்கள். வேறு சிலர், ஆங்கிலச் சுவரொட்டியைத் தமிழில் அச்சடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தவறான புரிதல். இந்தச் சொற்றொடருக்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வும் அனுபவமும் இருக்கின்றன. தடுத்திருக்கக்கூடிய மரணங்களும் இருக்கின்றன. அதனால் இதை அடிப்படையிலிருந்து பார்ப்பது நல்லது.

சிகிச்சை யாருக்கு எட்டவில்லை?

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதாவது பத்துப் பேரில் ஒருவர். ஆனால் அந்த அறிக்கையில் அதைவிடக் கவலை தரும் எண் ஒன்று உண்டு. அதுதான் ‘சிகிச்சை இடைவெளி’: நோய் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு எந்தச் சிகிச்சையும் போய்ச் சேரவில்லை என்ற கணக்கு. நோய்க்கு நோய் அது மாறியது. 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

நாட்டில் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் திருச்சியும் உண்டு. அப்படியும் ஏன் இவ்வளவு இடைவெளி?

மனநல மருத்துவர்கள் போதாது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். உண்மைதான். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் மருத்துவர் இருக்கும் ஊரிலும் இடைவெளி இருக்கிறதே? மனச்சிதைவு நோய் வந்த மகனை வைத்திருக்கும் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மகனைத் தனியாக அனுப்ப முடியாது. அவன் திமிறினால் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். ஆக இரண்டு கூலி, மூன்று பேருக்குப் பஸ் செலவு, மதியச் சாப்பாடு. மருந்து இலவசம்தான், ஆனால் மாதாமாதம் போக வேண்டும். மூன்றாவது மாதம் நடவு வந்துவிடும், மருந்து நின்றுவிடும், நோய் திரும்பும். கோப்பில் இதை ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவார்கள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு மருத்துவமனையையே ஊருக்கு அனுப்பிய முயற்சிகளும் உண்டு. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ப், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு திரை. அதில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். பேசி முடித்ததும் மருந்து அதே பேருந்தில் கிடைத்துவிடும். தொழில்நுட்பத்தைவிட அந்தக் கடைசிப் பகுதிதான் என்னைக் கவர்கிறது. மருந்துச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அது பாதி வேலையாகத்தான் இருந்திருக்கும்.

‘சேவை எட்டாத சமூகங்கள்’ என்று சொல்லும்போது கூலிக் குடும்பங்கள் மட்டும் அதில் அடங்குவதில்லை. மலைவாழ் பழங்குடிகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞர்கள், திருநங்கையர், தெருவில் வாழ்பவர்கள் எல்லோரும் உண்டு. இவர்களில் பலருக்குத் தூரமும் பணமும் மட்டும் தடை இல்லை. பேச்சும் தடை. கட்டுரையின் மீதி அதைப் பற்றியதுதான்.

துன்பத்துக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்கள்

மனச்சோர்வு உள்ள ஒரு பெண் டாக்டரிடம் போய் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘உடம்பெல்லாம் எரியுது’ என்பார். ‘தலை பாரமா இருக்கு’, ‘நெஞ்சை அடைக்குது’, ‘கை கால் ஓய்ஞ்சு போகுது’, ‘அடிவயித்துல இருந்து ஏதோ உருண்டு மேல வருது’, ‘ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல’ என்பார். ஆண்கள் ‘டென்ஷன்’ என்றும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றும் சொல்வார்கள். திருமணத்துக்கு முன் சில இளைஞர்கள், தாது வீணாகிவிட்டது, அதனால்தான் உடம்பு தேறவில்லை என்ற பயத்தோடு வருவார்கள். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஆட்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். குணம் திடீரென்று மாறிப்போன கணவனைப் பற்றி, ‘யாரோ சோத்துல மருந்து வச்சுட்டாங்க’ என்று மனைவி சொல்வார்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய தவறு. துன்பத்தை எந்த வாயால் சொல்வது என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று மருமகள் சொன்னால், ‘உனக்கு இங்கே என்ன குறை?’ என்று கேள்வி வரும். ‘உடம்பு எரியுது’ என்றால் மோர் வரும், ஓய்வு வரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வரும். எந்தச் சொல்லுக்கு உதவி கிடைக்கிறதோ, உடம்பும் அந்தச் சொல்லைத்தான் பேசும்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களிலேயே இங்கே ஒரு கோடு போட்டார். மருத்துவர் தன் படிப்பை வைத்துக் கண்டுபிடிப்பது ஒன்று. பாதிக்கப்பட்டவர் அனுபவிப்பது இன்னொன்று. முன்னதைத் தமிழில் ‘நோய்’ என்றும் பின்னதை ‘நோவு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். நோயை மட்டும் பார்த்துவிட்டு நோவைக் கேட்காத சிகிச்சை வழியிலேயே நின்றுவிடும்.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உடம்பு எரிகிறது என்று வந்தவருக்கு முதலில் வயிற்றுப்புண் மாத்திரை. அப்புறம் சத்து ஊசி. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கடைசியில், ‘எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா.’ மருத்துவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ‘ஒண்ணும் இல்ல’ வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ‘நடிக்கிறா’ என்று ஆகிவிடும். அதன்பிறகு அவர் எந்த மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

இதற்கு மாற்றாகக் கிளைன்மன் சொன்னது எளியது. நோயாளியிடம் சில கேள்விகளைக் கேளுங்கள், பதிலை எதிர்த்து வாதாடாமல் கேளுங்கள் என்றார். அவற்றின் சாரத்தை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம்:

1. உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
2. இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்தச் சமயத்தில் வந்தது?
3. இது உங்களை என்ன செய்கிறது? எந்த வேலை கெட்டுப்போகிறது?
4. இதில் உங்களை அதிகமாகப் பயமுறுத்துவது எது?
5. இதற்கு என்ன செய்தால் தேவலை என்று நினைக்கிறீர்கள்? இதுவரை எங்கெல்லாம் போனீர்கள்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், இதே வழியில் 16 கேள்விகள் கொண்ட ஒரு பேட்டி முறை சேர்க்கப்பட்டது. ஆக, ‘பண்பாட்டைக் கேட்பது’ மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் சமாசாரம் இல்லை. இன்று அது பாடத்திட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

நான்காவது கேள்விக்கு வரும் பதில்தான் பல நேரம் எல்லாவற்றையும் திறந்துவிடும். ‘என் அம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சு கிணத்துல விழுந்தாங்க’ என்று ஒருவர் சொல்லக்கூடும். எந்த ஸ்கேனிலும் தெரியாத தகவல் அது.

சரி, பதில் ‘செய்வினை’ என்று வந்தால் மருத்துவர் என்ன செய்வது? ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம், பகுத்தறிவுப் பாடம் எடுக்கவும் வேண்டாம். ‘அதற்கு நீங்கள் செய்ய நினைப்பதைச் செய்யுங்கள். ஆனால் தூக்கம் கெட்டுப் பயமும் வந்துவிட்டது, இல்லையா? அந்தப் பயத்துக்கும் தூக்கத்துக்கும் என்னிடம் மருந்து இருக்கிறது’ என்று சொல்லலாம். இதில் பொய் எதுவும் இல்லை. நோயாளி கதவைச் சாத்திக்கொண்டு போகவும் மாட்டார்.

கேள்வித்தாள்களை மொழிபெயர்ப்பதிலும் இதே சிக்கல்தான். ‘செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்துள்ளதா?’ என்று செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டால், ‘எனக்கென்ன சந்தோஷம் வேண்டிக் கிடக்கு?’ என்று திருப்பிக் கேட்பார். அது மனச்சோர்வின் அறிகுறியா, வாழ்க்கையைப் பற்றிய நேரான பதிலா? வாக்கியம் தமிழில் இருக்கிறது. கேள்வி இன்னும் வேறோர் ஊரில் இருக்கிறது. ‘பிள்ளை பக்கத்துல வந்தா தூக்கணும்னு தோணுதா?’, ‘பொங்கலுக்கு வீடு மெழுகணும்னு கை வருதா?’ என்று கேட்டால் விடை வேறு.

ஏர்வாடிக்கு ஏன் போனார்கள், ஏன் இன்னும் போகிறார்கள்?

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, மனநோய் தீர வேண்டி மக்கள் தேடிப் போகும் தர்கா இருக்கும் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அந்தப் பகுதியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் எல்லாவற்றையும் அரசு மூடியது. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தீப்பிடித்தது தர்கா அல்ல, அதைச் சுற்றிப் பணத்துக்காக நடத்தப்பட்ட காப்பகங்களில் ஒன்று என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு நாடு கேட்ட கேள்வி, ‘இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மூடநம்பிக்கையா?’ என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அத்தனை குடும்பங்களும் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏன் அங்கே போயின? சாதி மதம் பாராமல் வந்த அந்தக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணங்கள் தெரிகின்றன.

1. வழிபாட்டுத் தலத்தின் வாசல் எந்நேரமும் திறந்திருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வேண்டாம், ‘செவ்வாய்க்கிழமை வாங்க’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2. குடும்பமும் கூடவே தங்கலாம்.

3. ‘உன் மகனைப் பிடித்திருப்பது வெளியிலிருந்து வந்த ஒன்று’ என்கிறார்கள். இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு: குற்றம் மகன்மேலும் இல்லை, பெற்றவள்மேலும் இல்லை. ஆஸ்பத்திரியில் ‘பரம்பரையில் யாருக்காவது இருந்ததா?’ என்பதுதான் முதல் கேள்வி. மருத்துவருக்கு அது தேவையான கேள்வி. தாய்க்கு அது தீர்ப்பு.

4. களங்கம் குறைவு. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794 வரை போகிறது. அந்த ஊர்ப் பெயரையே தமிழில் ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ‘கோயிலில் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வந்தான்’ என்றால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பான். ‘கீழ்ப்பாக்கத்தில் இருந்தான்’ என்றால் கிடைக்க மாட்டான்.

இந்த ஆறுதலுக்கு உண்மையான பலன் ஏதாவது உண்டா என்பதை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் ராகுராம் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய, தீவிர மனநோய் உள்ள 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, கட்டணமும் கிடையாது. கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்ன வேலைகள், கூட ஓர் உறவினர். நோய் அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண் சராசரியாக 52.9இலிருந்து 42.9க்கு இறங்கியது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் ‘கோயிலே போதும்’ என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அவமதிப்பு இல்லாத இடம், கூட இருக்கும் உறவு, கைக்கு ஒரு வேலை ஆகிய மூன்றுமே நோயின்மேல் வேலை செய்கின்றன என்று நினைக்க இடம் இருக்கிறது.

மருத்துவமும் இதை அறியாதது இல்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தை உள்ளே சேர்த்துக்கொண்டது. குடும்பத்தைப் பிரித்துப் பூட்டி வைக்கும் காலனிக் கால ஏற்பாடு நம் மக்களுக்கு ஒத்துவராது என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

ஆகவே ஏர்வாடிக்குப் பிறகு வந்த சரியான பதில், தலத்துக்குப் போகாதே என்பது இல்லை. தலத்துக்குப் பக்கத்தில் மருத்துவரும் போய் உட்கார வேண்டும் என்பது. குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவில் ‘தவா - துவா’, அதாவது ‘மருந்தும் பிரார்த்தனையும்’ என்ற திட்டம் இப்படித்தான் தொடங்கியது. தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களுக்கு நோய் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களே தொழுகைக்குப் பின் நோயாளியை மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஏர்வாடியிலும் பின்னர் இந்த முறை கொண்டுவரப்பட்டது. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டியும் மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. 48 நாள் விரதமும் நடக்கிறது, மருந்தும் நடக்கிறது.

சங்கிலியை யாரும் பண்பாடு என்று சொல்லிவிடக் கூடாது. அது ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாகப் போடப்பட்ட இரும்பு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதற்கும் கொடுமைக்கு இடம் கொடுப்பதற்கும் நடுவே இருக்கும் கோடு இதுதான்.

ஒரு பெஞ்சும் 14 பாட்டிகளும்

உள்ளூர்ச் சொல்லை மையமாக வைத்து ஒரு சிகிச்சையையே கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜிம்பாப்வே நல்ல உதாரணம். அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவருடைய நோயாளியான இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பஸ் காசு இல்லாததால் அவரால் வர முடியவில்லை என்பது பிறகு தெரிந்தது. சிபாண்டாவை மாற்றியது அந்த மரணம். மருத்துவமனை வாசலுக்கு வர முடியாதவர்களிடம் யார் போவது?

2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிகள். நகராட்சி சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே சமுதாயப் பணியாளர்களாக இருந்தவர்கள். உள்ளே அறை இல்லை. அதனால் மரத்தடியில் ஒரு மரப் பெஞ்ச் போட்டார்கள். ‘மனநல பெஞ்ச்’ என்று சிபாண்டா பெயர் வைக்கப் பார்த்தார். அந்தப் பெயர் இருந்தால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் மறுத்துவிட்டார்கள். ‘நட்பு பெஞ்ச்’ ஆனது.

அங்கே பேசப்படும் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு நேர்ச்சொல் இல்லை. மக்கள் சொல்வது ‘குஃபுங்கிசிசா’, அதாவது ‘அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது’. நம் ஊரில் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று சொல்வதற்கு மிக அருகில் வரும் சொல். பாட்டிகள் அந்தச் சொல்லில்தான் பேசினார்கள். அவர்கள் முறையில் மூன்று படி உண்டு. மூன்றுக்கும் பெயர் வைத்தவர்களும் அவர்களே.

1. மனதைத் திறத்தல்: வந்தவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுகிறார். பாட்டி கேட்கிறார்.
2. தூக்கிவிடுதல்: அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் யோசிக்கிறார்கள்.
3. பலப்படுத்துதல்: அடுத்த முறை வரும்போது நடந்ததைப் பேசி, அடுத்த அடி எடுக்கிறார்கள்.

இதற்கு மருத்துவப் பெயர் ‘பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை’. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சேவை பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பேசியவர்களில் 13.7 சதவீதம் பேருக்குத்தான் இருந்தன.

இப்படி நிபுணர் செய்யும் வேலையில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரிடம் கொடுப்பதற்குப் ‘பணிப் பகிர்வு’ என்று பெயர். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் உள்ளூர் ஆலோசகர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல பலன் தெரிந்தது. தனியார் மருத்துவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஒரே முறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே அந்த ஆய்வு காட்டியது.

துக்கம் நோயாகாத இடம்: வடக்கு இலங்கை

பரிவு என்ற சொல்லின் முழுக் கனமும் தெரிய வேண்டுமானால் ஈழத்தைப் பார்க்க வேண்டும். 2009 மே மாதம் போர் முடிந்தது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பல தாய்மார் பிள்ளையைப் பார்க்காமலேயே இறந்துபோனார்கள்.

இவர்களில் ஒரு தாய் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றால் அது மனச்சோர்வா? கேள்வித்தாளை நீட்டினால் மதிப்பெண் வரும். ஆனால் உண்மை நிலை வேறு. உடல் கிடைக்கவில்லை, அதனால் எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்குகள் எதுவும் இல்லை. தாலியைக் கழற்றுவதா, பொட்டை அழிப்பதா என்று மனைவிக்குத் தெரியவில்லை. திவசம் கொடுத்தால் மகனைத் தானே கொன்றதாகிவிடும் என்று தாய் நினைக்கிறார். அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் இதற்கு ‘தெளிவில்லாத இழப்பு’ என்று பெயர் வைத்தார். இது மனதுக்குள் மட்டும் இருக்கும் கோளாறு இல்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் விடை சொல்லாததால் திறந்தே கிடக்கும் புண்.

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதக் காயத்தோடு நிற்காமல் ‘கூட்டு மனவடு’ பற்றி எழுதினார். குடும்பம், ஊர், நம்பிக்கை என்ற வலையே அறுந்த இடத்தில், ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து மாத்திரை கொடுப்பதால் மட்டும் அது சேராது. அதனால்தான் அங்கே ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி, அதாவது மனநல ஆலோசனைப் பயிற்சி கொடுக்கப்பட்டது. கோயில் சடங்கும் கூத்தும் கூடிப் பேசும் குழுக்களும் ஆற்றுப்படுத்தலின் பகுதியாக ஆயின. ‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்லாமல் அந்தத் தாயின் பக்கத்தில் இருப்பது, தூக்கம் கெட்டு உடம்பு ஒடியும்போது மருந்தும் கொடுப்பது, அவர் தேடலை நோய் என்று அழைக்காமல் இருப்பது: பரிவு என்றால் இங்கே இவ்வளவும்தான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

1. ‘சமூகம்’ ஒன்றல்ல. ஊர்க்காரரே ஆலோசகர் என்றால் எந்தத் தெருக்காரர்? ஆதிக்க சாதித் தெருவிலிருந்து வரும் ஆலோசகரிடம் தலித் பெண் தன் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்வாரா? துன்பத்துக்கே சாதி காரணமாக இருந்தால் என்ன ஆகும்? பண்பாட்டைப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாத பயிற்சி பாதிப் பயிற்சி.

2. குடும்பம் பலம், ஆனால் எப்போதும் அல்ல. அடிக்கும் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நோயாளி உண்மையைச் சொல்ல முடியாது. தனியாகப் பேசச் சில நிமிடமாவது வேண்டும். சட்டமும், தனக்காகப் பேசும் பிரதிநிதியைத் தானே நியமிக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது.

3. பரிவு மருந்துக்கு மாற்று ஆகாது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மருந்து தேவை. லித்தியம் போன்ற மருந்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் தேவை. பாட்டியின் பெஞ்ச் அந்த வேலையைச் செய்யாது, செய்வதாகச் சொல்லவும் இல்லை.

4. பணிப் பகிர்வு மலிவு வழியாக மாறிவிடக் கூடாது. கிராமத்துப் பெண்களுக்குச் சொற்பத் தொகையைக் கொடுத்து ஊரின் துயரத்தை எல்லாம் கேட்கச் சொன்னால், அவர்கள் துயரத்தை யார் கேட்பது? ஹராரேயில் பாட்டிகளுக்குப் பின்னால் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள்; கடினமானவர்களை மேலே அனுப்ப வழியும் இருந்தது. அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு பெஞ்சை மட்டும் நகலெடுப்பது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

பண்பாட்டுக்கு ஏற்ற சேவையை நல்ல மனம் படைத்தவர்களின் கூடுதல் தருமம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சேவை கட்டுப்படியாகும் விலையிலும், நல்ல தரத்திலும், போதிய அளவிலும், எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. பாலினம், மதம், பண்பாடு, சாதி, வர்க்கம் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அதோடு, நோயாளியும் குடும்பத்தாரும் பராமரிப்பவர்களும் ‘ஏற்றுக்கொள்ளக்கூடிய விதத்தில்’ அது தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே, புரியாத மொழியில் கேள்வி கேட்டு, நோவைக் கேட்காமல் சீட்டு எழுதி அனுப்பும் சேவை சட்டம் கேட்கும் அளவை எட்டவில்லை.

அந்தப் பிரிவிலிருந்து குடும்பங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

1. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அட்டை இல்லாவிட்டாலும், வீடற்றவர்களுக்கும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சேவை இலவசம்.

2. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும். ‘ஸ்டாக் இல்லை, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சொன்னால் அதை எழுதிக் கேட்கலாம்.

3. சட்டம் குறிப்பிடும் குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு மனநல சேவையைப் பெறலாம். அந்தச் செலவு அரசுடையது.

தொலைபேசியில் பேச 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு வைத்த பெயர் ‘நட்புடன் உங்களோடு’. எடுத்தவுடன் ‘மனசு சரியில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. தூக்கம் வரவில்லை என்று தொடங்கலாம், உடம்பு எரிகிறது என்றும் தொடங்கலாம்.